காற்றுமணியைக் கழற்றிவிட்டேன்

திருச்சி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ராணி,

திட்ட வேண்டியதை முதலில் திட்டி முடித்துவிடு. எட்டு மாதமாகப் பதில் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் பன்னிரண்டாவது. பெரியவள் கோவையில். போதுமா?

போன வாரம் போனை நடுவில் உன் அம்மாவிடம் கொடுத்தாயே, அதிலிருந்து மனசு சரியில்லை. "முழங்கால் எப்படிம்மா இருக்கு?" என்றேன். "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார்கள். "இன்னைக்கு என்ன சமையல்?" அதற்கும் "ஆமாம்மா". புறா வார்டனையே ஹாஸ்டல் வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனுஷி அவர்கள்! அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டுக் கதையில் ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும்.

இந்த ஃப்ளாட்டுக்கு வந்ததும் எனக்கு 'அமைதியான வீடு' பைத்தியம் பிடித்தது உனக்குத் தெரியும். பால்கனியில் மாட்டச் சொல்லிக் காற்றுமணி வாங்கிக் கொடுத்த புண்ணியவதியே நீதான். சுவரெல்லாம் வெள்ளை, தரையெல்லாம் முகம் தெரிகிற டைல்ஸ், பெரிய கண்ணாடிக் கதவு. ஜமக்காளம், தடித்த திரை, அப்பாவின் புத்தக அலமாரி எல்லாம் லாஃப்டுக்கும் பின்னறைக்கும் போயின. போட்டோவில் பார்த்தால் ஆசிரமம் மாதிரி இருக்கும். உள்ளே வந்தால் சந்தைக்கடை.

காரணம் மாமா என்று நினைத்தோம். டிவி வால்யூம் 48இல் ஓடும். சீரியலில் மருமகள் அழுதால் மூன்றாம் மாடியிலிருந்து ஆள் வரும். சின்னவன் ஒருநாள் போனில் ஏதோ ஆப் போட்டு ஹாலில் அளந்தான், 78 காட்டியது. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், ராத்திரிக்கு 45தான் என்று படித்துக் காட்டி, "தாத்தா மேல கேஸ் போடலாம்மா" என்றான். சிரித்தோம்.

மாமா பாய்லர் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ரிவெட் அடித்தவர். அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்தால் கேலி செய்வார்களாம். "மாமா, சாவி எங்கே?" என்று கேட்டால் "ஆவியா? எத்தனை பவுண்டு?" என்பார். இன்னும் டூட்டியிலேயே இருக்கிறார் என்று அதற்கும் சிரிப்போம். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு மறதி வியாதி ஆரம்பிச்சிடுச்சு" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் நான் அடுக்களையிலிருந்து "காபி வேணுமா?" என்று மூன்றாவது தடவையாகக் கத்தினேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தால் டிவி ஓடவில்லை, மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "ஏம்மா, நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க" என்றார். காபி வேண்டுமா என்றுதானடி கேட்டேன்! அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று அதே மாதிரி வாயசைத்துப் பார்த்தேன். புருவம் நெரிந்து, கழுத்து நரம்பு புடைத்து... அவருக்குச் சொல் கேட்காது, அந்த முகம் மட்டும்தான் தெரியும். மூன்று வருஷமாக அந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

அடுத்த வாரமே காது டெஸ்ட். டெஸ்ட் எடுத்த பெண் நம் பெரியவளைவிடச் சின்னவள், ஆனால் தெளிவாகச் சொன்னாள். வயசாலும் பட்டறைச் சத்தத்தாலும் காது போகும்போது கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகுமாம். ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, ஸ, ஃப நழுவிவிடும். பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை. 'சாவி' எப்படி 'ஆவி' ஆனது என்று புரிகிறதா? கத்தினால் கேட்கிற பாதிதான் பெரிதாகும், நழுவினது நழுவினதுதான். பக்கத்தில் போய், முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள் என்றாள். மறதி வியாதிக்குத் தடுக்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020இல் 12 சொன்னதில் காது கேளாமையும் ஒன்று. 2024இல் 14 ஆக்கியபோதும் அது இருக்கிறது. நாத்தனாருக்கு இதை அனுப்பிவைத்தேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

காது மெஷின் மாட்டியதும் எல்லாம் சுபம் என்று நினைக்காதே. முதல் வாரம் நரகம். தட்டு வைத்தால் திடுக்கிடுவார், பேப்பர் மடித்தால் முகம் சுளிப்பார். அது பேச்சை மட்டும் பொறுக்கி எடுக்காது, எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும். அப்போதுதான் என் ஆசிரம ஹால் வில்லனானது. டைல்ஸிலும் வெற்றுச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதி ஒவ்வொரு சொல்லும் எதிரொலிக்கிறது. நம் காது சமாளித்துக்கொள்ளும், அவரால் முடியவில்லை. துணியும் புத்தகமும் சத்தத்தைக் குடிக்கும் என்றாள் அந்தப் பெண். பவானி ஜமக்காளம் இறங்கியது, திரை ஏறியது, அப்பாவின் அலமாரி ஹாலுக்கே வந்தது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட். பார்க்க நம் ஊர்ப் பழைய வீட்டு முன்னறை மாதிரிதான் இருக்கிறது. உன் காற்றுமணியைக் கழற்றிவிட்டேன். மன்னித்துக்கொள். அது அவருக்குப் பட்டறையே திரும்பி வந்த மாதிரி.

இப்போது டிவி 19. பேட்டரி மாற்றுவது அவர் வேலை. ஸ்டிக்கரை உரித்து, காற்றுப் பட ஒரு நிமிஷம் வைத்து, வாட்சைப் பார்த்துப் போடுகிறார். காற்றில்தான் அது உயிர் பெறுகிறது என்பதில் பாய்லர்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாத்தனார் வந்தால் மட்டும் மெஷின் சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. நான் கண்டுகொள்வதில்லை.

போன செவ்வாய் விடியற்காலை அடுக்களையில் நின்றுகொண்டிருந்தார். "இந்தக் குழாய் எத்தனை நாளா சொட்டுது?" என்றார். இரண்டு வருஷமாக என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ ராணி. "எனக்கென்ன, நல்லாத்தானே கேக்குது" என்பார்கள். மாமாவும் அதையேதான் சொன்னார். முதலில் காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல், சில பேருக்கு அதோடு முடிந்துவிடும். போய்விட்டு வந்ததும் எழுது. என் மாதிரி எட்டு மாதம் இழுக்காதே.

காற்றுமணியை என்ன செய்ய? நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசம் தையில் வருகிறது.

உன்,
மங்கை