ரொட்டி மட்டும்தான் காரணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரெஞ்சுப் புரட்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மன்னராட்சியைக் கவிழ்த்தது ரொட்டி விலைதான் என்றும், ரூசோ, வால்டேர் போன்ற சிந்தனையாளர்கள் பிற்பாடு ஒட்டப்பட்ட அலங்காரம் என்றும் முடிக்கிறது. பல ஆண்டுகள் வரலாறு நடத்திய என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பசி பிரான்ஸுக்குப் புதிதல்ல. 1774இல் விளைச்சல் பொய்த்தது. தானிய வணிகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளும் தளர்த்தப்பட்டன. விலை ஏற, 1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் கலகம் வெடித்தது. ‘மாவுப் போர்’ என்றே அதற்குப் பெயர். கூட்டம் தானியத்தைக் கைப்பற்றியது. ஆனால் பல இடங்களில் அதற்குத் தானே ஒரு நியாய விலை வைத்து, அந்தப் பணத்தை உரியவரிடமே கொடுத்தது! விலை குறைய வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. பிரபுக்களுக்கு ஏன் வரிவிலக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. படை இறங்கியது, இருவர் தூக்கிலிடப்பட்டனர், கலகம் அடங்கியது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே மன்னர் பதினாறாம் லூயி, அதே பசி. கேள்விதான் வேறு. 1789 ஜனவரியில் சியேஸ் என்ற பாதிரியார் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பாதிரிமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களே அன்று ‘மூன்றாம் எஸ்டேட்’ எனப்பட்டனர். அதில் அவர் கேட்டார்: மூன்றாம் எஸ்டேட் என்பது என்ன? எல்லாமும். இதுவரை அரசியலில் அது என்னவாக இருந்தது? ஒன்றுமில்லை. உழைக்கும் மக்களே தேசம், சலுகை பெற்றவர்கள் அதற்குப் புறம்பானவர்கள் என்ற இந்த வாதம் பசியிலிருந்து மட்டும் பிறந்துவிடாது.

உழவர்கள் ரூசோவைப் படித்தார்களா என்று கட்டுரையாளர் கேட்கிறார். பெரும்பாலோர் படிக்கவில்லைதான். ஆனால் அவர்கள் சார்பில் எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் அவைக்குச் சென்றவர்களில் வழக்கறிஞர்கள் ஏராளம், அவர்கள் படித்தவர்கள். 1789 ஆகஸ்ட் 26 அன்று நிறைவேறிய மனித உரிமைப் பிரகடனத்தைப் புரட்டினாலே போதும். சட்டம் பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்கிறது 6ஆம் பிரிவு: அது ரூசோ. அதிகாரப் பிரிவினை இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே கிடையாது என்கிறது 16ஆம் பிரிவு: அது மாண்டெஸ்கியூ என்ற மற்றொரு சிந்தனையாளர்.

இந்தச் சிந்தனையாளர்கள் யாரும் மன்னரைக் கவிழ்க்கக் கிளம்பியவர்கள் அல்லர். வால்டேர் அறிவார்ந்த அரசரையே நம்பினார். ஆனாலும் அரசு அவர்களைக் கண்டு அஞ்சியது. 1749இல் எழுத்தாளர் தீதரோவை வென்சென் கோட்டையில் அடைத்தது. 1762இல் ரூசோவின் ‘எமில்’ நூலைப் பாரிஸில் எரித்தது. கைதாணைக்குத் தப்பி அவர் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. அலங்காரத்தை யார் எரிப்பார்கள்?

1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு, மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய் நோக்கி நடந்ததைக் கட்டுரை உருக்கமாகவே விவரிக்கிறது. அதுவரை இழுத்தடித்து வந்த பிரகடனத்துக்கு லூயி மன்னர் இசைவு தந்ததும் அதே நாளில்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழிலாவது அதைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.