கொரங்காட்டைத் தரிசு என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மேய்ச்சல் புறம்போக்கில் மரக்கன்று நட்ட விழாவைப் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். 'பயனற்றுக் கிடந்த தரிசு பசுமையாகிறது' என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். நட்டவர்கள் நல்ல மனதோடுதான் நட்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் 'பயனற்ற' என்ற சொல்தான் இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் சாலையின் இருபுறமும் கிளுவை வேலி கட்டிய புல்காடுகளைப் பார்த்திருப்பார்கள். நடுநடுவே குடை விரித்தாற்போல வெள்வேல மரம் நிற்கும். அதுதான் கொரங்காடு, ஆடுமாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த புல்நிலம். வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருசம் என்று சொல்கிற பூமி இது. இங்கே கிணற்றை நம்பி வெள்ளாமை செய்து தோற்றவர்கள் உண்டு. புல்லை நம்பியவர்களைப் புல் கைவிட்டதில்லை. காங்கயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த இனம். 2017-ல் மெரினாவில் மாட்டுக்காகத் திரண்டவர்கள் அந்த மாடு மேய்கிற நிலத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

எங்கள் அப்பாரு (தாத்தா) காட்டை நாலாகத் தடுத்து வைத்திருந்தார். முதல் மழைக்குக் கொழுக்கட்டைப் புல் துளிர்த்து முழங்கால் உயரம் வந்தாலும் உடனே மாட்டை விடமாட்டார். நாங்கள் அவசரப்பட்டால், "புல்லு பூத்து வெதை உளுகட்டும் சாமி, அப்பறம் படலத் தொறக்கலாம்" என்பார். முதலில் மாடு போகும், அது கடித்து மிச்சம் வைத்ததைச் செம்மறி மேயும், பிறகு படலைச் சாத்திவிட்டு அடுத்த தடுப்புக்குப் போய்விடுவோம். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங்காய் உதிரும். அதைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு காடெங்கும் போட்டுவிடும். அடுத்த மழைக்கு அங்கங்கே கன்று முளைத்திருக்கும். எங்கள் காட்டில் நிற்கிற வெள்வேல மரம் ஒன்றுகூட யாரும் குழிதோண்டி நட்டதில்லை.

இப்படி மாற்றி மாற்றி மேய்த்தது மாட்டுக்காக மட்டும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பறவை பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகளோடு ஒரு காலைப்பொழுது நடந்தபோதுதான் வேறொன்று விளங்கியது. மேய்ந்து முடித்து மண் தெரிகிற தடுப்பில் ஆள்காட்டிக் குருவி கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிட்டிருந்தது. புல் உயர்ந்த இடத்தில் அதற்கு வேலையில்லை, சுற்றிலும் பார்வை வேண்டும். படல் சாத்திய தடுப்பில் புல் தூர்களுக்கு நடுவே காடை பதுங்கியிருந்தது. கவுதாரிக்கு இரண்டும் வேண்டும், இரை பொறுக்க வெளியும் ஒளிந்துகொள்ளப் புதரும். ஒரே காட்டில் மொட்டை, கணுக்கால் உயரம், முழங்கால் உயரம் என்று புல் பல பருவத்தில் இருந்ததால்தான் அத்தனைக்கும் இடம் கிடைத்தது. மாட்டின் வாயும் அப்பாருவின் படலும் சேர்ந்து செய்த வேலை அது.

சாணியைச் சொல்லாமல் விட மனமில்லை. மழை விட்ட மறுநாள் காலையில் ஒரு சாணிக் குவியல் அருகே உட்கார்ந்து பாருங்கள். வண்டுகள் உருண்டை பிடித்துப் பின்னங்காலால் உருட்டிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைக்கும். காற்றும் நீரும் உள்ளே இறங்க அவை போட்ட துளைகள்தான் வழி. காய்ந்த சாணியைக் கொண்டலாத்தி அலகால் புரட்டிப் புழு எடுக்கும். இப்போது குடற்புழுவுக்காகக் கணக்கில்லாமல் ஊசி போடுகிறோம். ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணியில் வண்டுப் புழுக்கள் பிழைப்பதில்லை. மாடு வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, தேவைக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்.

வேலியும் அப்படித்தான். கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் அது வேர் பிடித்து வேலியாகிவிடும். அதில் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறும், பச்சோந்தி குடியிருக்கும், கீரி நுழைந்து வெளியேறும். இன்று அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள்.

எங்கள் காட்டை ஒட்டி மேற்கே ஒரு காடு. உரிமையாளர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார், இருபது வருசமாக மாடு நுழையவில்லை. மேய்ச்சல் இல்லாமல் புல் செழித்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். இன்று அங்கே வேலிக்காத்தான் (சீமைக்கருவேல) முள் மண்டி, உள்ளே ஆள் போக வழியில்லை. கீழே ஒரு தூர் கொழுக்கட்டைப் புல் கிடையாது. கிழக்கே இன்னொரு காடு. அங்கே குத்தகைக்கு விட்டு வருசம் முழுக்கப் படலே சாத்தாமல் மேய்த்தார்கள், மண் சட்டிபோல இறுகிவிட்டது. பிறகு சூரிய மின்சாரத்துக்கு விற்றார்கள். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். ஜேசிபி வந்து வெள்வேல மரங்களைச் சாய்த்து மண்ணைச் சமன் செய்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் கொரங்காடுதானா கண்ணில் பட வேண்டும் என்பதே கேள்வி.

விட்டுவைத்தால் காடு தன்னால் வாழும் என்ற எண்ணம் படித்தவர்களுக்கும் வந்ததுண்டு. ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் பறவைகள் பூங்காவில் 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த ஊர்க்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அடுத்த ஆண்டுகளில் எருமைகள் மேய்ந்துவந்த நீர்ப்புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, எருமை மேய்ச்சல் அந்தச் சதுப்புக்கு நன்மையே செய்தது என்று சொன்னது. நம் சத்தியமங்கலத்தை அடுத்த பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். 1974-ல் அது சரணாலயமான பிறகு அந்த வழக்கம் நின்றது, உண்ணிச்செடி என்ற வெளிநாட்டுப் புதர் காட்டின் அடித்தளத்தையே பிடித்துக்கொண்டது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். அளவு தெரிந்து கைவைத்தவர்களை வெளியே அனுப்பிய பிறகு காட்டில் என்ன வளர்ந்தது என்பதற்கு இவை போதும்.

மரம் நடுவதிலும் நமக்குப் பழைய பாடம் இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளியை வெற்று நிலம் என்று கருதி சீகை (வாட்டில் மரம்), தைலமரம், பைன் நட்டார்கள். வரையாட்டுக்கும் குறிஞ்சிக்கும் இருந்த வெளி சுருங்கியது. இன்று சீகையைப் பிடுங்கிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பணம் செலவழிக்கிறோம். 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மரப்பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. பள்ளி, சாலையோரம், குளக்கரை, கெட்டுப்போன காடு எல்லாம் அதற்குக் காத்திருக்கின்றன. புல்காட்டை விட்டுவிடுங்கள். மரம் அடர்ந்து நிழல் விழுந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் நிற்காது.

2026-ஐ மேய்ச்சல் நிலங்கள், மேய்ப்பர்கள் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. மத்திய அரசின் தரிசு நில வரைபடத்திலோ இப்படிப்பட்ட நிலங்கள் இன்னும் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. ஏட்டில் தரிசு என்று இருக்கும்வரை மேலே என்ன கட்டினாலும் முன்னேற்றமாகத்தான் தெரியும். வருவாய்த்துறை கொரங்காட்டுக்கு ஒரு தனி வகை தரட்டும், கிளுவை வேலியைக் காக்கிறவருக்குச் சிறு ஊக்கத்தொகை கொடுக்கட்டும், ஊர்ப் புறம்போக்கில் கன்று நடுமுன் அங்கே மாடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

உங்கள் செய்தியாளரை வரும் கார்த்திகையில் ஒருநாள் அனுப்பிவையுங்கள். காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். மத்திய ஆசியாவிலிருந்து வருகிற பூனைப்பருந்து அந்த நேரத்தில் வெட்டுக்கிளி தேடிப் புல் நுனியை உரசிக்கொண்டு பறக்கும். படலுக்கு வெளியே நின்றே பார்க்கலாம், உள்ளே அப்போது நாங்கள் மாட்டை விட்டிருக்கமாட்டோம்.

இப்படிக்கு,
கொரங்காட்டு விவசாயி ஒருவர்,
காங்கயம் வட்டம்