ஐந்தேகாலுக்கு வாசலில் மணி

வேலூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ போனை எடுத்தால் அவரே சொல்வார். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. பெங்களூரில் பிருந்தாவன் ரயில் ஏறினால் காட்பாடிக்கு மூணு, மூணரை மணி நேரம்தான். இருந்தாலும் லீவு இல்லை என்றால் என்ன செய்ய முடியும். உனக்கென்று எடுத்து வைத்த கரும்பு ஒரு வாரம் மூலையில் நின்றது. அப்புறம் பால்காரர் மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

சித்திரையில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அவர்கள் திருப்பி அனுப்பிய பாத்திரங்கள் பெட்டி பிரிக்காமல் பரண் மேல் இருக்கின்றன. பெருமுகை சித்தி வந்திருந்தபோது அண்ணாந்து பார்த்தாள். நான் காபி போட எழுந்து போய்விட்டேன். அவ்வளவுதான்.

முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தினேன். உனக்கு நான் எழுதுகிற கடிதம் இது மூன்றாவதுதான். போனில் பேசினால் சாப்பிட்டாயா என்பதோடு நம் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோகிறது, அதனால் காகிதத்தை எடுத்தேன்.

இன்றைக்கு விரிஞ்சிபுரம் போய் வந்தோம், சைக்கிளில். அப்பா படம் அனுப்பினாராம், நீ கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினாயாம். படத்தில் என்ன தெரியும், நான் சொல்கிறேன் கேள்.

நாலு பேர் போகிறோம். பாகாயம் டீச்சர், எதிர்வீட்டுத் தையல் அக்கா, பிசியோ பொண்ணு, நான். ரிட்டயர் ஆன மறுமாதம் டீச்சர்தான் என்னைக் கோட்டை மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஏறச் சொன்னார். ஒடுகத்தூரில் நாலணா கொடுத்து வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டவள் நான். வயசுக்கு வந்ததும் உன் தாத்தா நிறுத்திவிட்டார். நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் கை நடுங்கியது, ஆனால் கால் மறக்கவில்லை பாப்பா. மைதானத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு இறங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது ஓட்டுவது கியர் சைக்கிள். சனிக்கிழமை ராத்திரி அப்பாதான் காற்றடித்து வைக்கிறார். என்னுடையதற்கு அறுபது வேண்டும், பிசியோ பொண்ணுடைய ஒல்லி டயருக்கு எண்பது, தொண்ணூறு. மீட்டர் பார்த்து அடித்துவிட்டு, அப்புறமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். 'இந்த வயசில் ஹைவேயில் என்ன வேலை' என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டேதான் அடிக்கிறார்.

நாலு மணிக்கு விழித்துவிடுகிறேன். எல்லாரும் வருகிறார்களா என்று வாட்ஸ்அப்பைத் திறப்பேன். போன மாசம் மூன்று ஞாயிறும் உன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருந்தது. நீயும் சீக்கிரம் எழுந்துவிடுகிறாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடு. மோர் குடி. படுக்கும் இடத்தில் போனை வைக்காதே.

ஐந்தேகாலுக்கு வாசலில் மணி அடிப்பார்கள். ஐந்தரைக்குக் கோட்டை எதிரில் இருப்போம். அந்த நேரத்து வேலூரை நீ பார்க்க வேண்டும். அகழித் தண்ணீர் மேல் புகை மாதிரி பனி நிற்கும். நாலு பேரும் பின்னால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவோம். கொணவட்டம் வரும்போது பாங்கு சத்தம் கேட்கும். அதைத் தாண்டினால் மேல்மொணவூர், அப்துல்லாபுரம். பெரிய ரோட்டில் ஏறுவதே இல்லை, சர்வீஸ் ரோடுதான். அப்பாவிடம் நீயும் இதைச் சொல்லு, நான் சொன்னால் நம்புவதில்லை.

பேச்சு கொஞ்சம்தான் இருக்கும். முன்னால் போகிறவர் 'குழி' என்று சொல்லி விரலால் தரையைக் காட்டுவார், அடுத்தவர் 'குழி' என்பார், அதற்கடுத்தவர் 'குழி' என்பார். மணல் கிடந்தால் மணல். பின்னால் லாரி வந்தால் கடைசியில் வருகிறவர் 'வண்டி' என்று குரல் கொடுப்பார், அது கை மாறி முன்னால் போகும். எனக்கு முன்னால் ஒருத்தர் பார்த்துச் சொல்கிறார், பின்னால் ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார். இப்படி நான் ஒருநாளும் எங்கேயும் போனதில்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் ஆபீஸிலும் எல்லாருக்கும் நான்தான் குழி பார்த்தேன்.

ஆடியில் மேல்காற்று அடித்ததே, அப்போது இந்த ரோட்டில் முகத்தில் அறைந்தது. மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது போல் இருந்தது. பிசியோ பொண்ணுதான் சொல்லிக்கொடுத்தாள், முன்னால் போகிறவர் சக்கரத்தை ஒட்டினாற்போல் வந்தால் காற்று அவர் மேலேயே உடைந்துவிடும் என்று. நிஜம்தான், ஒட்டிப் போனதும் சட்டென்று கால் இலேசாகிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் ஒருவர் முன்னால் போவது, அப்புறம் விலகிக் கடைசிக்கு வருவது. டீச்சருக்கு அறுபத்திரண்டு வயசு, தன் முறை முடிந்தாலும் விலக மாட்டார், நாங்கள்தான் சத்தம் போட வேண்டும்.

அந்தப் பொண்ணு உன்னைவிட இரண்டு வயசு சின்னவள். பிரெவே என்று ஒன்று இருக்கிறதாம், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும். நேரத்துக்குள் முடித்தால் போதும், முதல் இரண்டாவது என்பதெல்லாம் கிடையாது. அவள் இரண்டு தடவை முடித்திருக்கிறாள். ஓட்டுகிறவள் தன்னந்தனியாகவும் ஓட்டலாம், ஆனால் ராத்திரியில் யாராவது ஒருத்தர் பக்கத்தில் இருந்தால்தான் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுக்க முடியும் என்கிறாள். நீயும் அங்கே யாரையாவது சேர்த்துக்கொள். அந்த ஊரில் காலையில் கூட்டம் கூட்டமாக ஓட்டுகிறார்களாம், அவளே சொன்னாள். தனியாக மட்டும் போகாதே.

பொய்கை தாண்டியதும்தான் இன்றைக்கு வெயில் வந்தது. மேற்கே போவதால் சூரியன் முதுகில். திடீரென்று எங்கள் நாலு பேர் நிழலும் நீளமாக முன்னால் ரோட்டில் விழுந்தது. என் நிழலின் தலை டீச்சரின் பின்சக்கரத்தைத் தொட்டது. கால்கள் பனைமர உயரத்துக்குச் சுற்றின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் கொஞ்சம் மெதுவாக மிதித்தோம். ஐந்து நிமிஷம் இருக்குமா, அவ்வளவுதான், அப்புறம் நிழல் சுருங்கிவிட்டது. அந்த ஐந்து நிமிஷத்துக்காக நான் எத்தனை நாலு மணிக்கும் எழுந்திருப்பேன்.

பாலாறு திரும்ப மணலும் சீமைக்கருவேலமுமாக இருக்கிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தாயே, 'அம்மா, இது நிஜமாவே நம்ம பாலாறா' என்று. அப்போதெல்லாம் நீ நினைத்த நேரத்தில் கூப்பிடுவாய்.

கோயிலில் உள்ளே போகவில்லை, கால் சட்டையில் இருந்தோம். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மதிலைச் சுற்றி ஒரு தடவை ஓட்டினோம். விரிஞ்சை மதிலழகு என்று சும்மாவா சொன்னார்கள். காலை வெயிலில் அந்தக் கல் தேன் நிறமாக இருந்தது. உனக்குக் காது குத்தினது அங்கேதான். அந்தச் சாமிக்குப் பெயரே வழித்துணைநாதர் என்று உன் தாத்தா உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டேன்.

டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது பொய்கையில் ஒரு அம்மா சாக்கை விரித்து இலவம்பாடி கத்தரிக்காய் போட்டிருந்தார். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே முள் கத்தரிக்காய். ஒரு கிலோ எடுத்தேன். காம்பைப் பிடித்தவுடன் முள் விரலில் ஏறிவிட்டது, இந்த எழுத்துகூட அந்த விரலால்தான் எழுதுகிறேன். உனக்குப் பிடிக்கிற மாதிரி எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தேன். அப்பா பேசாமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது வெயில் முகத்தில். எட்டு மணிக்குள் வீடு. மே மாசம் என்றால் எட்டு மணிக்கே ரோடு கொதிக்கும், இப்போது பரவாயில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வண்டிகள் வரும் என்பதால் அந்தப் பக்கம் போவதில்லை, ஸ்ரீபுரம் ரோடு. ஒரு தடவை அமிர்தி வரை இருபத்தைந்து கிலோமீட்டர் போனோம். மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், ஏறத் தொடங்கிவிட்டு மாற்றினால் சங்கிலி கத்தும். 'அழுத்தாதீங்க ஆன்ட்டி, இலேசா வேகமாச் சுத்துங்க' என்று அந்தப் பொண்ணு பக்கத்திலேயே வந்தாள். அழுத்தாமல் சுற்றினால் மேடு முடிந்துவிடுகிறது. நீயும் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறவள், என்னைப் போல. நேரத்துக்குத் தூங்கு. எட்டு மணிக்குள் சாப்பிடு.

உன் சைக்கிள் திருடு போகவில்லை பாப்பா.

நான்தான் எடுத்தேன். 2009, நீ பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் நீங்கள் நாலு பெண்களும் கிளம்பி இதே ரோட்டில்தான் போவீர்கள். கொணவட்டத்தில் கடை வாசலில் நீங்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு நின்றதாக ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். சிரித்தீர்கள் என்று மட்டும்தான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரியே குடியாத்தம் மாமாவை வரச்சொல்லி லோடு வண்டியில் ஏற்றிவிட்டேன். காலையில் நீ எழுந்து வந்தபோது பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அந்தப் பூட்டைச் சுத்தியலால் உடைத்ததும் நான்தான்.

நீ அழுதாய். அப்பா உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு, தோட்டப்பாளையம், காட்பாடி ஸ்டேஷன் என்று ஒவ்வொரு சைக்கிள் ஸ்டாண்டாகத் தேடினார். அவருக்கும் தெரியாது. சிவப்பு லேடிபேர்ட் சைக்கிள் எங்கே போனாலும் நீ திரும்பிப் பார்ப்பாய், ரொம்ப நாள் வரைக்கும் பார்த்தாய். புதுசு வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னபோது பரீட்சை முடியட்டும் என்று நான் தடுத்தேன். பரீட்சை முடிந்தது, வாங்கவில்லை.

அந்த மூன்று பிள்ளைகளும் உடனே உன்னை விட்டுவிடவில்லை. அது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாசம் ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தேகாலுக்கு நம் வாசலில் வந்து மணி அடித்தார்கள், உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக. நான் கதவைப் பாதி திறந்து, அவள் தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். ஒருநாள் நீ ஜன்னல் ஓரத்தில் விழித்துக்கொண்டுதான் இருந்தாய். அப்புறம் அவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகு நீ யாரையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. இவள் அமைதியான பெண் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன்.

இப்போது டீச்சர் வந்து மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. தாத்தா எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். அவராவது முகத்துக்கு நேரே சொல்லிச் செய்தார்.

போன வாரம் குடியாத்தம் போயிருந்தேன். மாமா வீட்டுக் கொட்டகையில், தேங்காய் மட்டைக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. சங்கிலி துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது, டயர் இரண்டும் வெடித்துத் தூளாகக் கொட்டுகிறது. ஹேண்டில்பாரில் நீ சுற்றின மஞ்சள் ரிப்பன் முடிச்சு இருக்கிறது. மணியைத் தட்டினேன், அடித்தது.

கொண்டுவந்து பழைய மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன். ஃபிரேம் நன்றாகத்தான் இருக்கிறது, சங்கிலி, டயர், டியூப், பிரேக் கம்பி மாற்றினால் போதும் என்றார். பெயின்ட் அடிக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன்.

என்மேல் கோபம் இருந்தால் போனில் திட்டு. எந்த நேரத்திலும் கூப்பிடு. நாலு மணிக்கு நான் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறேன். வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வந்தாயானால், ஞாயிறு ஐந்தேகாலுக்கு வாசலில் மணி அடிப்பார்கள், கதவை நீயே திற.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லிவிடாதே, நானே சொல்கிறேன். இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா