‘நிசி’ மட்டும் கையில் இருந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவாகரத்துப் பத்திரம் தொலைந்துவிட்டது, எங்கே எடுப்பது என்று கேட்டால் நம்மவர்கள் உடனே சொல்வது, “ஜே.பி.என்-னுக்குப் போங்கள்.” பாதிதான் சரி. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைக் கலைப்பது உயர் நீதிமன்றம். ஜே.பி.என் என்னும் மலேசியத் தேசியப் பதிவு இலாகா அந்த முடிவைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவே. மூலம் நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தொலைந்துவிட்டது என்று தேடப்படும் பத்திரங்களில் பல, முதலில் எடுக்கப்படவே இல்லை.

1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி (சட்டம் 164) நீதிபதி முதலில் தருவது டிக்ரி நிசி, அதாவது இன்னும் இறுதியாகாத விவாகரத்து ஆணை. மூன்று மாதத்துக்குள் தகுந்த காரணம் எதுவும் காட்டப்படாவிட்டால் இது இறுதியாக்கப்படும் என்ற வரி அதிலேயே இருக்கும். நீதிமன்ற முத்திரையும் தேதியும் இருப்பதால், வாங்கியவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. வேலை முடிந்தது என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழிந்தால் அது தானாக இறுதியாகிவிடாது. அதற்கென்று நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, நிசி இறுதியாகிவிட்டது என்னும் சான்றிதழை எடுக்க வேண்டும். மலாயில் ‘முத்லாக்’ (இறுதியானது) என்று சொல்லப்படுவது இதுதான். பெரும்பாலும் ஒரே ஒரு தாள். இருவரும் சேர்ந்து போடும் கூட்டு மனுவில் நீதிமன்றம் மூன்று மாதத்தைக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. அப்போதும் சான்றிதழ் வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணத்தில் பாக்கி நின்றாலோ, கட்சிக்காரர் வீடும் கைப்பேசி எண்ணும் மாற்றிவிட்டாலோ இந்தக் கடைசித் தாள் விட்டுப்போகிறது. பத்து ஆண்டு கழித்து மறுமணத்துக்கு ஜே.பி.என் முகப்பில் பாரம் கொடுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். நிசியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் மறுமணம் செல்லாது. பாரங்களில் ‘விவாகரத்துத் தேதி’ என்று கேட்டால் எழுத வேண்டியதும் இறுதியான தேதிதான், நிசியின் தேதி அல்ல. சான்றிதழ் கட்சிக்காரர் கைக்குப் போகாமல் கோப்பை மூடக்கூடாது என்பதை வழக்கறிஞர்கள் ஒரு வழக்கமாக்கிக்கொண்டால், இந்த அலைச்சலில் பாதி குறைந்துவிடும்.

நகல் கேட்கப் போகுமுன் வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள். விவாகரத்து மனுக்களின் குறியீடு 33. கூட்டு மனுவாக இருந்தால் 33ஜே.பி. அண்மைய ஆண்டுகளின் எண்களில் முன்னால் நிற்கும் எழுத்து நீதிமன்றத்தைக் காட்டும்: WA என்றால் கோலாலம்பூர், PA என்றால் ஜார்ஜ்டவுன், BA என்றால் சிலாங்கூரின் ஷா ஆலம். கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இருப்பவர்கள் கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போய், கோப்பு ஷா ஆலமில் இருக்கிறது என்று தெரிந்து திரும்புவது சாதாரணம். எங்கே திருமணம் பதிவானது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மனு எங்கே போடப்பட்டது என்பதே கணக்கு. எண் தெரியாதவர்கள் பழைய வழக்கறிஞர் கடிதத்தைத் தேடிப் பார்க்கலாம், தலைப்பில் ‘பெத்திசென் பெர்ச்செராயான்’ (விவாகரத்து மனு) என்று தொடங்கும் வரியில் இருக்கும். பிள்ளைப் பராமரிப்பு உத்தரவு அதே மனுவில் வந்திருந்தால் அதிலும் அதே எண்தான்.

எண்ணே கிடைக்காவிட்டால் பெயர், ஆண்டு வைத்துத் தேட வேண்டியதுதான். இங்கே நம் பெயர்கள் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி என்று ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் எழுதிக் கொடுங்கள். பழைய கோப்புகளில் பழைய அடையாள அட்டை எண்தான் இருக்கும். 12 இலக்க எண்ணை மட்டும் கொடுத்தால் அகப்படாது. இருவரின் பெயரையும் கொடுங்கள், ஒன்று பிசகினாலும் மற்றது பிடித்துக்கொடுக்கும்.

முகப்பில் கேட்க வேண்டியது வெறும் போட்டோகாப்பி அல்ல, ‘சாலினான் டியாக்குய் சா’, அதாவது நீதிமன்றம் சான்றளித்த நகல். அடையாள அட்டை, வழக்கு எண், என்ன காரணத்துக்கு வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோங்கள். நிசி, இறுதிச் சான்றிதழ் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மின்-தாக்கல் முறையில் வந்த பத்திரமாக இருந்தால் பக்கத்தின் அடியில் ஒரு வரிசை எண் அச்சாகியிருக்கும்; பத்திரம் அசலா என்று இணையத்தில் சரிபார்க்க அந்த எண்தான் உதவும். போட்டோகாப்பிக் கடையில் அடி ஓரம் வெட்டுப்பட்டால் போச்சு. கோப்பைப் பார்த்தபின் சான்றிதழ் எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தால், அது நகல் கேட்கும் வேலை அல்ல. அன்றைய வழக்கறிஞர் மூலமோ புதியவர் மூலமோ இறுதியாக்க விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை ஆண்டு ஏன் தாமதம் என்று நீதிமன்றப் பதிவாளர் விளக்கம் கேட்கலாம். வசதியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம்; கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இரண்டும் உண்டு.

சரி, யார் கேட்கலாம்? கணவன், மனைவி, அவர்களின் வழக்கறிஞர். இவர்களுக்குத் தடையில்லை. பெற்றோர் இறந்து, சொத்து விவகாரத்துக்காகப் பிள்ளை கேட்டால், இறப்புப் பத்திரம், தன் பிறப்புப் பத்திரம் இரண்டையும் இணைத்துக் காரணத்தோடு பதிவாளருக்கு எழுத வேண்டும். நிச்சயம் பேசப் போகும் வீட்டார், முதலாளி, கடன் கொடுத்தவர் ஆகியோருக்குக் கோப்பைப் புரட்டும் உரிமை கிடையாது; நீதிமன்ற அனுமதி வேண்டும். மாப்பிள்ளை விவாகரத்தானவரா என்று தெரிய வேண்டுமா? சான்றிதழை அவரையே காட்டச் சொல்லுங்கள், அதில் கூச்சம் என்ன. வெளியே எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். அதே போல் வங்கி கேட்டால் சான்றிதழை மட்டும் கொடுங்கள். ஜீவனாம்சமும் சொத்துப் பங்கீடும் எழுதிய உத்தரவு முழுவதையும் நீட்ட வேண்டியதில்லை. எதற்கெடுத்தாலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று பேசுகிறோம். 2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. கோப்பைக் காப்பது நீதிமன்ற விதிகள். ஆனால் இருதரப்பும் வாதாடி, நீதிபதி எழுத்து மூலம் தீர்ப்பு வழங்கி, அது சட்ட ஏடுகளில் வெளியாகிவிட்டால் யாரும் படிக்கலாம். சமரசமாக முடிந்தவை அப்படி வெளிவருவது அரிது. குடும்ப விஷயம் ஊர் படிக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, கூட்டு மனு போட இதுவும் ஒரு காரணம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு வழி வேறு. ஷரியா நீதிமன்ற உத்தரவின் நகல் அந்த நீதிமன்றத்தில். விவாகரத்துச் சான்றிதழ் பதிவான மாநில சமய இலாகாவில், கோலாலம்பூரென்றால் ஜாவி எனப்படும் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய இலாகாவில். ஆனால் சிவில் முறையில் பதிவான தம்பதியரில் ஒருவர் பின்னர் மதம் மாறியிருந்தால், அந்தத் திருமணத்தைக் கலைப்பது உயர் நீதிமன்றமே. 2018 டிசம்பர் 15 முதல் மதம் மாறியவரும் அங்கே மனுப் போடலாம்.

கோயில் கமிட்டியிலோ தோட்டத்துப் பெரியவர் முன்னிலையிலோ எழுதி வாங்கிய ‘அத்துவிடுதல்’ கடிதம் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. சட்டம் 164-இன் 8-ஆவது பிரிவுப்படி, திருமணம் மரணத்தாலோ நீதிமன்ற ஆணையாலோதான் முடியும். 1982-க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களும் இதற்குள் அடக்கம்.

டிக்ரியில் பெயர் தவறாக இருந்தால் ஜே.பி.என் திருத்தாது, எழுத்துப் பிழையைத் திருத்தும்படி நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும். இந்தியாவிலோ வேறு நாட்டிலோ காட்டப் போகிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்துவிட்டு, சான்றளித்த நகலை மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனத்தில் ஆங்கிலத்தில் மாற்றி, விஸ்மா புத்ராவில் (வெளியுறவு அமைச்சில்) அத்தாட்சி பெற்று, பிறகு அந்நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றத்தில் கேட்கும்போதே இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தூதரகம் வைத்துக்கொண்டாலும் மற்றொன்று கையில் இருக்கும்.

இப்படிக்கு,
குடும்ப வழக்கு எழுத்தர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு