மாறி மாறி கிளாஸ் எடுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாகவே ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பற்றி வந்த முழுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் இதற்கு இவ்வளவு இடம் கிடைத்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஆனால் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அதில் சொல்லியிருக்கும் ஒரு யோசனையை அப்படியே விட மனம் வரவில்லை. இந்த ஆட்டத்தில் கிளாஸ் என்பது கதாபாத்திரத்தின் தொழில்: ஃபைட்டர் போர்வீரர், விஸார்ட் மந்திரவாதி. அனுபவம் சேரச்சேர லெவல் ஏறும், ஒவ்வொரு லெவலையும் ஒரு கிளாஸில் எடுக்க வேண்டும். ஒரு லெவல் ஃபைட்டர், அடுத்த லெவல் விஸார்ட் என்று மாறி மாறி எடுத்தால் வாளும் கைவரும், மந்திரமும் கைவரும் என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் லெவலுக்கு வரும்போது அந்தப் பிள்ளையிடம் இரண்டுமே உருப்படியாக இருக்காது.

நான் பெரம்பூரில் கணக்கு ஆசிரியை. ஞாயிறு மாலைகளில் எங்கள் மொட்டைமாடிக் கொட்டகையில் தெருப் பிள்ளைகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி விதிகளைப் பார்த்துக்கொள்பவராக இருந்து ஆட்டம் நடத்துகிறேன். கதை முழுக்கத் தமிழில்தான். விதிகளை மட்டும் புத்தகத்தில் உள்ள பெயராலேயே சொல்லிக்கொள்வோம். நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. கட்டுரை பேசுவதும் அதைத்தான்.

அந்தப் பதிப்பில் ஐந்தாம் லெவல் ஒரு பெரிய படி. ஃபைட்டராகவே வளர்ந்தவர் அங்கே தன் முறை வரும்போதெல்லாம் இரண்டு தடவை வெட்டலாம். விஸார்டாகவே வளர்ந்தவருக்கு ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் கிடைக்கும்: இருபது அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லோர் மீதும் எட்டு அறுமுகப் பகடை அளவு அடி, சராசரி 28. மாறி மாறி எடுத்தவரோ மூன்று லெவல் ஃபைட்டர், இரண்டு லெவல் விஸார்ட். ஒரே வெட்டு, தெரிந்த மந்திரமெல்லாம் முதல் நிலை. அனுபவப் புள்ளிகளைக் கிளாஸ் வாரியாகக் கணக்கிடுவதில்லை, மொத்த லெவலுக்குத்தான் கணக்கு. தனி ஃபைட்டருக்கு 6,500 புள்ளியில் கிடைக்கும் இரண்டாவது வெட்டு, இவர் இனி ஃபைட்டரையே தொடர்ந்து எடுத்தாலும் ஏழாம் லெவலில், 23,000 புள்ளியில்தான் வரும். ஃபயர்பால்தான் வேண்டும் என்று விஸார்ட் பக்கம் போனால் எட்டாம் லெவல், 34,000. வாரம் ஒரு நாள் ஆடும் மேசையில் இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீளும். கூட ஆடுகிறவர்கள் பூதத்தை வீழ்த்திக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் முகம் வாடி உட்கார்ந்திருக்கும். அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவே முடியாது.

இன்னும் சிலவற்றைக் கட்டுரை தொடவே இல்லை. வலிமை, அறிவு போன்ற திறன்களுக்குக் கதாபாத்திரத்துக்கு மதிப்பெண் உண்டு. இரண்டு கிளாஸுக்கும் உரிய முக்கியத் திறனில் குறைந்தது 13 இருக்க வேண்டும். இப்படிக் கிளாஸ்களைக் கலக்கும் மல்டிகிளாஸ் என்பதே அந்தப் பதிப்பில் விருப்ப விதி. டன்ஜன் மாஸ்டர் சம்மதித்தால்தான் உண்டு. எதை முதலில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஃபைட்டராகத் தொடங்கினால் கனமான கவசத்தில் பயிற்சி கிடைக்கும். விஸார்டாகத் தொடங்கிப் பிறகு ஃபைட்டர் எடுத்தால் அது கிடைக்காது. முதல் லெவல் மட்டும் ஃபைட்டர், பிறகு கடைசிவரை விஸார்ட் என்றால் அது நல்ல கலவை, நானே சம்மதிப்பேன். வாளோடு கொஞ்சம் மந்திரமும் வேண்டும் என்று ஆசைப்படும் புதியவருக்கோ ஃபைட்டருக்குள்ளேயே மூன்றாம் லெவலில் எல்ட்ரிச் நைட் என்ற, மந்திரமும் கற்ற வீரர் வகை இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாமே.

எங்கள் மேசையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் கதாபாத்திரம் ரோக், அதாவது திருட்டில் கைதேர்ந்தவர்களின் கிளாஸ்; கதையில் அவள் ஒரு துறைமுகத் திருடி. கடலம்மன் கோயில் நகையைத் திருடப் போன இடத்தில், காவலரிடமிருந்து அவளை மறைத்துவைத்த கிழப் பூசாரி அடிபட்டுச் செத்துப்போனார். அடுத்த வாரம் அந்தப் பெண் வந்து, "டீச்சர், இவ இனிமே திருட மாட்டா. கிளெரிக் லெவல் எடுக்கலாமா?" என்று கேட்டாள். கிளெரிக் என்பது தெய்வ அருளால் மந்திரம் செய்யும் கிளாஸ், அதற்கு முக்கியத் திறன் விஸ்டம். அவளுடைய கேரக்டர் ஷீட்டில், அதாவது கதாபாத்திரத்தின் குறிப்புத் தாளில், விஸ்டம் 12தான் இருந்தது. நான்காம் லெவலில் கிடைத்த இரண்டு புள்ளிகளில் ஒன்றை அதற்குக் கொடுத்து 13 ஆக்கினாள். ஐந்தாம் லெவலில் ரோக்கைத் தொடர்ந்திருந்தால் பதுங்கித் தாக்கும் ஸ்னீக் அட்டாக் மூன்று பகடை ஆகியிருக்கும், விழும் அடியைப் பாதியாக்கும் அன்கேனி டாட்ஜும் வந்திருக்கும். இரண்டும் தள்ளிப்போகும் என்று அட்டவணையைக் காட்டிச் சொன்னேன். "போகட்டும் டீச்சர். அன்னிக்கு இவளுக்குக் கியூர் வூண்ட்ஸ் தெரிஞ்சிருந்தா அந்தத் தாத்தா செத்திருக்க மாட்டாரு" என்றாள். கியூர் வூண்ட்ஸ் என்பது காயம் ஆற்றும் கிளெரிக் மந்திரம். அவள் வாங்கியது பலவீனமான லெவல்தான். ஆனால் எதை விட்டு எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினாள். புதியவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, கட்டுரையில் ஒரு தகவல் பிழை. மல்டிகிளாஸ் ஐந்தாம் பதிப்பில் வந்த புதுமை என்று எழுதியிருக்கிறார்கள். அது அப்படி அன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே எல்ஃப் இனத்தார் போர்வீரராகவும் மந்திரவாதியாகவும் இருக்க முடிந்தது. 1978 விதிநூலில் மனிதர்கள் பழைய கிளாஸில் வளர்வதை நிறுத்திவிட்டுத்தான் புதியதில் சேர முடியும். அதற்குப் பழையதன் முக்கியத் திறனில் 15, புதியதில் 17 வேண்டும். யாரும் எந்த லெவலிலும் மாறலாம் என்று கதவைத் திறந்தது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு.

அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தத் திருத்தத்தோடு, ஃபைட்டரின் ஐந்து லெவல்களையும் கலப்பு ஃபைட்டர்-விஸார்டின் ஐந்து லெவல்களையும் அருகருகே வைத்து ஒரு சின்ன அட்டவணை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தேவையென்றால் நானே தயாரித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.