கூப்பிடாமலே வருகிறவர்கள்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே முழங்கால் வலி ஒன்றைத் தவிரக் குறையில்லை.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். எங்கள் தெருப் பெண் ஒருத்தி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறாள். மகளிர் குழுவிலிருந்து வந்தவள். அவளோடு அவ்வப்போது வீடு வீடாகப் போய் வருகிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும் செவிலியரும் வருகிறார்கள்.

நாம் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலத்துப் பதிவேடுகள் உனக்கு நினைவிருக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், தடுப்பூசிக் குழந்தைகள். திண்ணையில் ஒடுங்கிக் கிடந்த பாட்டிக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு நடந்து வர முடிந்தவர்தான் நோயாளி. வர முடியாதவர் இருப்பது யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனோம். தனியாக இருக்கும் அம்மா. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றார். பிரஷரோ ஏறிக் கிடந்தது. இந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல், தண்ணீர் குடிப்பதுபோல அடுப்படிக்குள் போனாள். அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஒருமுறை தொடங்கினால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். திட்டாமல், அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். பிறகு தினமும் காலையில் வாசல் தெளிக்கும் நேரத்தில் எட்டிப் பார்த்து, ஒரு மாத்திரையை விழுங்க வைத்துவிட்டுப் போகிறாள். எந்த மருத்துவரால் அந்த அடுப்படிக்குள் போயிருக்க முடியும்? மாத்திரை கொடுத்த கணக்கை மட்டும் பார்த்தால் அந்த அம்மா சிகிச்சையில் இருப்பவர்தான். வயிற்றுக்குள் போனதா என்பது பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியும்.

ஆனால் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் வீடுகள் பகலில் பூட்டியே கிடக்கின்றன. நாற்பது வயதில் பிரஷர் இருப்பது தெரியாமலே சித்தாள் வேலை பார்க்கிறவர்களை எப்படிப் பிடிப்பது? இவள் பொழுது சாய்ந்த பிறகு திரும்பவும் போகிறாள். அதற்குத் தனியாக யாரும் எதுவும் கொடுப்பதில்லை. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவள் வாங்குவது ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல. இத்தனை பெரிய வேலையை அந்தச் சிறிய தொகையில் நடத்துவது நியாயமில்லை, மங்கை. யார் கேட்டாலும் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

நீ கோழிக்கோட்டில் இருப்பதால் ஓர் உதவி. அங்கே 1993-லேயே மருத்துவர் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் வலி நிவாரண சிகிச்சைக்கு அமைப்பு தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, ஊரிலேயே பணம் திரட்டி, படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. உன் வட்டாரத்துக் குழுவோடு ஒருநாள் போய்வர முடியுமா? புதிதாகப் படுக்கையில் விழுந்தவரைப் பற்றி அவர்களுக்கு முதலில் சொல்வது யார், தன்னார்வலர் ஊரில் இல்லாத நாளில் அந்த வீட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுது. இங்கே இவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலே தெரு முழுவதும் நின்றுவிடுகிறது.

மருமகளுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சரோஜா