பட்டறைக்கு முன் வாசிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே சிறுகதைப் பட்டறை அறிவிப்புகள் வரிசை கட்டுகின்றன. காலையில் கதைக்கரு, மதியம் பாத்திரப் படைப்பு, மாலையில் நற்சான்றிதழ். வாசிக்க மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை.

விளைவு போட்டிக் கதைகளில் தெரிகிறது. சாவுச் செய்தி வந்தால் தலையில் இடி விழும். அழுதால் கண்கள் குளமாகும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்ப்பள்ளியில் மொழியணி என்று மரபுத்தொடரையும் உவமைத்தொடரையும் மனனம் செய்து கட்டுரையில் பொருத்தப் பழகியவர்கள். 2021இல் மலேசியத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆரை எடுத்துவிட்டார்கள்; அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. வேறு வாக்கியங்கள் காதில் விழுந்திருந்தால்தானே வேறு மாதிரி எழுத வரும்?

நிறைய வாசித்தால் தானாக எழுத்து வந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். எழுத நினைப்பவர் ஒரு சிறுகதையை இருமுறை வாசிக்க வேண்டும். முதலில் கதைக்காக. மறுமுறை பென்சிலோடு: யார் கண் வழியே கதை நகர்கிறது, எந்த வரியில் காலம் தாவுகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என ஓரத்தில் குறிக்கட்டும். பிறகு பிடித்த ஒரு பத்தியை, எட்டுப் பத்து வரி போதும், கையால் படியெடுத்து, மறுநாள் மூலத்தைப் பாராமல் எழுதிப் பார்க்கட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால் குட்டு வெளிப்படும். மூலத்தில் 'கதவைச் சாத்தினாள்' என்று மட்டும் இருப்பது நம் தாளில் 'கனத்த மனத்தோடு மெல்லக் கதவைச் சாத்தினாள்' ஆகியிருக்கும். வினைச்சொல்லை நம்பாதவர்தான் அடைமொழியைக் கூட்டுவார். எழுதியதை வாய்விட்டும் படிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டலாம்.

ஒரே எழுத்தாளரிடம் விழுந்து கிடப்பதும் ஆபத்து. அவர் நடை ஒட்டிக்கொள்ளும். கோலாலம்பூர் செந்தூல் பையன் தஞ்சாவூர் வழக்கில் பேசத் தொடங்குவான். இடையிடையே பழைய நாளிதழ், தோட்ட வரலாறு, பள்ளியிலேயே நமக்குக் கைவந்த மலாயில் ஒரு நாவல் என்று மாற்றிக்கொள்வது நல்லது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) கைக்கெட்டினால் விடாதீர்கள். போர்க்காலத்துச் சுமத்ராவின் மெடானும் மலாயாவின் பினாங்கும் வரும் அந்நாவலில் பழந்தமிழ் இலக்கியமும் கடைத்தெருப் பேச்சும் மலாய்ச் சொற்களும் உறுத்தாமல் கலந்து வருகின்றன. பலதரப்பட்ட வாசிப்பு இல்லாதவருக்கு அது கைகூடாது.

உள்ளூர் நூல்கள் கிடைப்பதில்லை என்பார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கு அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் 5 படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். தமிழ் நூலுக்கும் அதே சட்டம்தான். (அனுப்ப மறந்த பதிப்பாளர்கள் இனியாவது அனுப்பட்டும்.) அந்நூலகம் இருக்கும் ஜாலான் துன் ரசாக் வரை போய்த் தேடிப் பார்க்கலாமே.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டி முடிவுகளை வெளியிடும்போது பரிசுத் தொகையோடு நிறுத்தாமல், தள்ளுபடியான கதைகளில் திரும்பத் திரும்ப வந்த பத்து வாக்கியங்களை, எழுதியவர் பெயரின்றி, ஞாயிறு பதிப்பில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்